வளைந்த மூங்கிலும் பூட்டிய கேட்டும்

அவைத் தலைவர் அவர்களே, பரிசு வழங்க வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் கணக்கு வாத்தியார் ஐயா அவர்களே, மத்தியானத்திலிருந்து நாற்காலி சுமந்த மன்றத்துத் தம்பிகளே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கணும். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்.

பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி எப்படிக் கைவந்தது? மூன்று காரணம் சொல்வேன்: விளையாட்டு, கூத்து, காடு.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" சிரிக்காதீர்கள், இன்றைக்கும் அதே பழமொழிதான். ஜார்க்கண்டின் சிம்டேகாவிலும் ஒடிசாவின் சுந்தர்கரிலும் தானே வளைந்து வளர்ந்த மூங்கிலைத் தேடி வெட்டினால் அதுதான் மட்டை.

நான் ஒடிசாவின் ரூர்கேலா உருக்காலையில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த ஒருவர் தன் ஊருக்குக் கூட்டிப் போனார். அங்கே 'கஸ்ஸி' போட்டி. கஸ்ஸி என்றால் காயடித்த கிடா. ஜெயித்தவர்களுக்கு அதுதான் கோப்பை! கோலுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கோப்பை, பாதி ஆட்டத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு களத்துக்குள் வந்துவிட்டது. ஒருத்தரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. வெறுங்காலோடு ஒரு பத்து வயசுப் பொடியன், பந்தைக் கிடாவுக்கு இடப்பக்கம் தள்ளிவிட்டு, தான் வலப்பக்கம் ஓடி, அந்தாண்டை போய் அதே பந்தை எடுத்து அடித்தான் பாருங்கள், கோல்! எதிரணி சண்டைக்கு வந்தது, கிடா மறைத்துவிட்டதாம். நடுவர் கேட்டார்: "கிடா எந்த டீம்?" என் நண்பர் சொன்னார்: "எங்க ஊர்ல ஆடு, மாடு, மேடு, பள்ளம் எல்லாமே டிஃபென்ஸ்தான் சார்." ராத்திரி தோற்றவர்களுக்கும் கறிச்சோறு கிடைத்தது. எனக்கும்தான்.

அந்த மண்ணின் ஆட்கள் யார்? 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா. சுந்தர்கரின் திலீப் திர்கி 3 ஒலிம்பிக் ஆடியவர். சிம்டேகாவின் சலீமா டேடே 2024-இல் இந்திய மகளிர் அணித் தலைவி.

"அவங்க ரத்தத்துலேயே ஓடுது" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் ஓடிய ஓட்டம் கணக்கில் வராது. குண்டும் குழியுமான தரையில் பந்து எங்கே துள்ளும் என்று மணிக்கட்டு தினம் தினம் படிக்கிறது. அண்ணன், அக்கா, சித்தப்பா எல்லாரோடும் சின்னதும் ஆடுகிறது. முக்கியமாக, அந்தத் திடலுக்குக் கேட் இல்லை.

நம் பள்ளி மைதானத்துக்கு இருக்கிறதே! நாலரைக்குப் பூட்டு. விளையாட்டு பீரியடில் கணக்கு. (வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.) ஐந்தில் வளைய எங்கே போவான் நம் பிள்ளை, செல்போனுக்குள்ளா?

மணி அடிக்கிறார்கள். கூத்தும் காடும் அடுத்த கூட்டத்துக்கு. மாலை ஆறரை வரை கேட்டைத் திறக்கச் சொல்லும் மனு இதோ. அம்மா, முதல் கையெழுத்து உங்களுடையது. பேனா என்னிடம் இருக்கிறது.