பல்சட்டமும் அளவுநாடாவும்

நேயர்களுக்கு வணக்கம்.

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் நீலகிரி மலை ரயில் உதகை போய்ச் சேர 46 கிலோமீட்டர் ஓடுகிறது. 208 வளைவு, 250 பாலம், 16 குகை. 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் உதகை வரைக்கும் போட்ட பாதை. மாதிரி ரயில் கட்டுபவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் இதை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 528 மீட்டர் வருகிறது. ஒரு நீளமான தெருவே வேண்டும். ஆகவே மலை ரயிலை வீட்டில் கட்ட நினைப்பவர்கள் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

என் யோசனை இதுதான். கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே ஒரு பாலம், ஒரு குகை, இரண்டையும் சேர்க்கும் ஒரு வளைவு. இவ்வளவு போதும். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்றை வாங்கி நெடுக இரண்டாக அறுத்தால் ஒரு துண்டு அடித்தளத்துக்கு ஆகும். மற்றது பாதைக்கும் தாங்கு கட்டைகளுக்கும் சரியாக இருக்கும். 12 மில்லிமீட்டர் கனம், தண்ணீர் தாங்கும் ரகம் எடுங்கள். கீழே இரண்டுக்கு ஒன்று ரீப்பரில் சட்டம் அடித்து, 40 சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குக் கட்டை கொடுங்கள். வார்னிஷை மேலே மட்டும் அடித்து நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு. மூடாத அடிப்பக்கம் ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்து, பலகை வில்லாக வளைந்துவிடும். ஆறு பக்கமும் அடிக்க வேண்டும், அறுத்த ஓரங்களுக்கு இரண்டு கோட்டு.

நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே ஒரு மீட்டர். அது மாதிரி கட்டுபவருக்கு நல்ல வசதி. 1000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5 வரும். பீகோ, டில்லிக், பெமோ போன்ற நிறுவனங்கள் செய்யும் மீட்டர் கேஜ் பாதை 12 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நம் அகலப் பாதைக்கு அந்த வசதி இல்லை. 1676ஐ வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் போகும், கடையில் கிடைப்பதோ 16.5. அது 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பியப் பாதைக்கு உரியது. அதனால்தான் நம் ஊர் அகலப் பாதை என்ஜின் மாதிரிகள் பல, கால் ஒடுங்கி நிற்பதுபோலத் தெரிகின்றன.

வாங்கும் தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். பழைய பொம்மை செட்டுகளில் வரும் இரும்புப் பாதை கடற்கரை ஊர்களில் சீக்கிரம் துருவேறிவிடும். பாதை ஏறக்குறைய 91 சென்டிமீட்டர் துண்டுகளாக வரும். 20 டிகிரி சூடு ஏறினால் ஒரு துண்டு 0.3 மில்லிமீட்டர் நீளும். மார்கழியில் பாதை போடுகிறவர்கள் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விசிட்டிங் கார்டின் கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் சித்திரையில் பாதை பக்கவாட்டில் பிதுங்கி, அதுவரை ஒழுங்காக ஓடிய வண்டி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடம் புரளும்.

மின்சாரத்துக்கு இணைப்புத் தகடுகளை நம்ப வேண்டாம். பெயிண்டும் தூசியும் புகுந்தால் சில மாதங்களில் மின்சாரம் விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு துண்டின் இரண்டு தண்டவாளத்துக்கும் தனித்தனியாக மெல்லிய ஒயர் சால்டர் செய்து கீழே இறக்குங்கள். பலகைக்கு அடியில் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இரண்டை நெடுக ஓட்டி அதில் சேர்த்துவிடுங்கள். சால்டரிங்குக்கு ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும். தகரப் பட்டறைகளில் பயன்படுத்தும் ஆசிட் பளிச்சென்று பிடிக்கும், ஆனால் மிச்சம் நின்று பச்சை பூத்து ஒயரை அரித்துவிடும். அயர்னை மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகித் தண்டவாளம் சாயும். சால்டர் செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்தால் சூடு பரவாது.

இனி ஏற்றத்துக்கு வருவோம். அசல் பாதையில் கல்லாரிலிருந்து குன்னூர் வரை 12.5க்கு 1 என்ற ஏற்றம். மாதிரியில் ஒன்றரை மீட்டர் போவதற்குள் 12 சென்டிமீட்டர் ஏற வேண்டும். சாதாரண மாதிரி என்ஜின் 40க்கு 1 ஏற்றத்தில் நாலு பெட்டியோடு நிம்மதியாகப் போகும். இந்த ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிச் சுற்றிக்கொண்டே நிற்கும். அசலிலும் இதே சங்கடம்தான், அதற்காகத்தான் பல்சட்டம். நீலகிரியில் இருப்பது ஆப்ட் முறை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு எஃகுச் சட்டங்கள், 44 மில்லிமீட்டர் இடைவெளியில், தண்டவாளத்தைவிட 65 மில்லிமீட்டர் உயரத்தில் ஓடுகின்றன. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றதில் பள்ளம் வரும். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் என்ஜினின் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

87இல் ஒரு பங்கில் அந்த 44 மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகிவிடும். இரட்டைச் சட்டத்தை ஓடுகிற நிலையில் செய்வது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். மாட்யூல் 0.4 (மாட்யூல் என்பது பல்லின் அளவைக் குறிக்கும் எண்) பல்சட்டம் ஒன்றை 2 மில்லிமீட்டர் அகலத்தில் வைத்து, நடுவே கறுப்புக் கோடு இழுத்துவிடுங்கள். ஓர் அடி தூரத்தில் பார்த்தால் இரண்டு சட்டமாகவே தெரியும். அதன் பற்களுக்கு இடையே 1.26 மில்லிமீட்டர் வரும். அதில் ஓட 12 பல் உள்ள சிறிய பற்சக்கரம் போதும். ஒரு சுற்றுக்கு 15 மில்லிமீட்டர் முன்னேறும்.

பல்சட்டத்தின் உயரம்தான் இந்த வேலையின் உயிர். தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து முக்கால் மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். அசல் 65 மில்லிமீட்டரைச் சுருக்கினாலும் அதே கணக்குதான் வருகிறது. நூலிழை அளவு தாழ்ந்தாலும் பல் தாவி, கடகடவென்று சத்தத்தோடு வண்டி பின்னால் சறுக்கும். உயர்ந்தால் என்ஜினைத் தூக்கிவிடும், சக்கரம் தண்டவாளத்தைத் தொடாமல் மின்சாரம் நின்றுபோகும். நடுவில் முக்கால் மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டிய ஓர் எஃகு அளவுகோலை இரண்டு தண்டவாளத்தின் மேல் குறுக்கே வைத்து, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை சரிபார்த்து ஒட்டுங்கள். ஏற்றம் திடீரென்று தொடங்கக் கூடாது. அடியிலும் உச்சியிலும் 30 சென்டிமீட்டருக்குப் பாதை மெல்ல வளைந்து ஏற வேண்டும். பல்சட்டம் தொடங்கும் முதல் 4 சென்டிமீட்டரில் பற்களை அரத்தால் சாய்வாகத் தேய்த்து, அந்தத் துண்டை மட்டும் மெத்தென்ற ஃபோம் மேல் ஒட்டுங்கள். பற்சக்கரம் பல்லோடு பல் முட்டி வந்தாலும் துண்டு அமுங்கி வழிவிடும். அசல் பாதையிலும் பல்சட்டத்தின் நுழைவுத் துண்டு ஸ்பிரிங் மேல்தான் இருக்கிறது.

என்ஜினில் ஒரு பொறி இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஒரே மோட்டாரில் சக்கரத்தையும் பற்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவிட்டால், இரண்டின் சுற்றளவும் ஒன்றாக இல்லாததால் ஒன்றை ஒன்று இழுக்கும். மோட்டார் சுடும், பற்சக்கரத்தின் பல் தேயும். நீலகிரியில் ஓடும் அசல் நீராவி என்ஜின், எக்ஸ் வகுப்பு, இதைத் தீர்த்த விதம் அழகானது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த என்ஜின் அது. 2011 முதல் நம் பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகச் செய்கிறார்கள். பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நாலு சிலிண்டர். கீழே உள்ள உயர் அழுத்த ஜோடி சக்கரங்களைச் சுற்றுகிறது. பல்சட்டத்தில் ஏறியதும், கீழ் ஜோடியிலிருந்து வெளிவரும் நீராவி வீணாகப் போகாமல் மேல் ஜோடிக்குள் போய்ப் பற்சக்கரங்களைச் சுற்றுகிறது. பல்லிணை ஒன்று இடையில் இருப்பதால் மேல் தண்டுகளும் கீழ்த் தண்டுகளும் எதிரெதிர்த் திசையில் சுழலும். குன்னூர் நடைமேடையில் நின்று பார்ப்பவர்கள் இதைக் கவனிக்காமல் வரக் கூடாது. மாதிரியில் இரண்டு மோட்டாருக்கு இடம் இல்லை. ஏற்றம் மட்டுமே உள்ள சிறிய அமைப்பானால் மோட்டார் பற்சக்கரத்தை மட்டும் ஓட்டட்டும், சக்கரங்கள் சும்மா உருளட்டும்.

மலையேறும்போது என்ஜின் கீழ்ப்புறம் இருந்து பெட்டிகளைத் தள்ளும். எடை குறைந்த பெட்டி வளைவில் தள்ளுதலைத் தாங்காமல் வெளியே பிதுங்கும். 20 கிராமோடு, நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 4 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் பெட்டிக்கு 60 கிராம். எல்லாப் பெட்டியும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். எடைக்கு ஈயக் குண்டு போடுகிறவர்கள் ஃபெவிகாலால் ஒட்டவே கூடாது. ஈயமும் அந்தப் பசையும் மெல்ல வினைபுரிந்து வெள்ளைத் தூளாக உப்பி, சில ஆண்டுகளில் பெட்டியின் பக்கத்தையே வெடிக்கச் செய்யும். அரால்டைட் பயன்படுத்துங்கள். அதைவிட, இரும்பு நட்டு எந்த வம்பும் செய்யாது.

ஜல்லிக்குக் கடையில் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. அசல் ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர், மாதிரியில் கால் முதல் முக்கால் மில்லிமீட்டர். எம்-சாண்டைக் கழுவிக் காயவைத்து டீ வடிகட்டியில் சலித்தால் அதே அளவு கிடைக்கும். சலித்ததன் மேல் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இரண்டு முறை ஓட்டுங்கள். கறுப்புத் துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை எடுக்காவிட்டால் ஓடும் என்ஜினின் மோட்டார் காந்தம் எடுத்துக்கொள்ளும்.

எக்ஸ் வகுப்பு என்ஜினின் உடலைப் பித்தளைத் தகட்டிலோ 3டி பிரிண்டிலோ நாமே செய்யும்போது அளவு தேவைப்படும். ரயில் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக உழைப்பவரும் மாதிரி கட்டுபவரும் அங்கேதான் ஒன்று சேர்கிறார்கள். நிற்கிற என்ஜின் கெடுவதற்கு முன்னால் அதை அளந்து எழுதிவைப்பது இரண்டு பேருக்கும் பொதுவான வேலை.

ரயில் பாதையையே தன்னார்வலர்கள் எடுத்து நடத்துவது 1951இல் வேல்ஸ் நாட்டில் தொடங்கியது. 1865இல் போட்ட டாலிலின் ரயில், 686 மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறிய பாதை. உரிமையாளர் 1950இல் இறந்ததும் மூடப்பட வேண்டியதை ஒரு சங்கம் ஏற்றுக்கொண்டது. முதல் வருடங்களில் அவர்கள் செய்ததில் பெரும்பகுதி ஸ்லீப்பர் மாற்றுவதும் புல் வெட்டுவதும்தான். இன்றும் அங்கே, டவின் நகரில், குறுகிய பாதை ரயில்களுக்கென்று தனி அருங்காட்சியகம் இருக்கிறது. நம் நாட்டில் டெல்லியில் 1977இலும் சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தில் 2002இலும் அருங்காட்சியகங்கள் திறந்தார்கள். என்ஜின் நிற்கிற இடங்களோ அவற்றைவிட அதிகம். ஸ்டேஷன் வாசல்களில் மேடை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள், பல இடங்களில் மேலே கூரை இல்லை.

கூரையில்லாமல் நிற்கும் நீராவி என்ஜின் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் அழியும். புகைபோக்கி வழியாக மழை இறங்கும். புகைப்பெட்டியின் அடியில் பழைய சாம்பல் இருந்தால் அதிலுள்ள கந்தகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டைத் தின்னும். உரிய அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு, தன்னார்வலர்கள் முதல் நாளே செய்யக்கூடியது இரண்டு. சாம்பலை அள்ளிக் காயவிடுவது, புகைபோக்கிக்கு ஒரு தகர மூடி போடுவது. செலவு சில நூறு ரூபாய், என்ஜினின் ஆயுள் பல ஆண்டுகள் கூடும். தொடக் கூடாதவையும் உண்டு. பாய்லரைச் சுற்றிய உறைக்குள் பழைய என்ஜின்களில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதை யாரும் பிரிக்கக் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

பித்தளை எழுத்துத் தகடுகளை வாரம் ஒரு முறை பாலிஷ் போட்டுப் பளபளக்க வைப்பது அன்பில் செய்யும் தீங்கு. ஒவ்வொரு தேய்ப்புக்கும் எழுத்தின் விளிம்பு கொஞ்சம் கரையும். மென்மையான சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, மெழுகு பூசினால் மாதக்கணக்கில் தாங்கும். அதைவிட மனத்தை வருத்துவது, விழாவுக்கு முதல் நாள் தகட்டோடும் ரிவிட்டோடும் சேர்த்து எனாமல் அடித்துவிடுவது. செய்த ஊர், ஆண்டு, வரிசை எண் எல்லாம் அதோடு மறைந்துபோகிறது. எனாமல் டப்பாவைத் திறப்பதற்கு முன், மறைவான ஓர் இடத்தில் நகக்கண் அளவுக்குப் பழைய பூச்சுகளைப் படிப்படியாகச் சுரண்டிப் படம் எடுத்துவையுங்கள். என்ஜினின் முதல் நிறம் அந்த அடுக்குகளில்தான் மிச்சம் இருக்கிறது.

அளக்கும் முறைக்கு வருகிறேன். ஒரு மீட்டர் நீளக் கட்டையில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசி, என்ஜினோடு ஒட்டி நிறுத்துங்கள். 15 மீட்டர் தள்ளி நின்று, என்ஜினின் நடுவுக்கு நேராக, ஜூம் செய்து எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் இரண்டு முனையும் சுருங்கி, படத்திலிருந்து எடுக்கும் அளவெல்லாம் தப்பாகும். சக்கரத்தின் விட்டத்தை நேரடியாக நாடாவில் எடுக்க முயலாதீர்கள், விளிம்பு குறுக்கே நிற்கும். அச்சின் மையத்திலிருந்து தண்டவாளத்தின் மேல்முகம் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அசலில் 5 சென்டிமீட்டர் பிசகினால் மாதிரியில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகும், அது கண்ணில் படும். ரிவிட்டுகளை எண்ணி எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம். மாதிரிக்குப் பெயிண்ட் அடிக்கும்போதும் இதே கணக்கு. பூச்சு 0.1 மில்லிமீட்டர் ஏறினால் அசலில் 9 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம், ரிவிட்டே காணாமல் போகும். தண்ணீராகக் கரைத்து மூன்று மெல்லிய கோட்டு அடியுங்கள்.

கட்டி முடித்த மாதிரியை அருங்காட்சியகத்தில் ஓட்டக் கொடுக்கிறவர்கள் ஒரு புஷ் பட்டன் வைத்து, ஒரு அழுத்தலுக்கு 90 விநாடி மட்டும் ஓடும்படி டைமர் போடுங்கள். நாள் முழுக்க விடாமல் ஓடினால் மோட்டாரின் கார்பன் பிரஷ் ஒரு விடுமுறைக் காலத்தைத் தாண்டாது. எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டு போதும். கூடினால் தண்டவாளம் வரை வழியும், தூசி ஒட்டும், மின்சாரம் தடைபடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். உதகைக் குளிரில் அது பல்லிணைக்குள் உறைந்துவிடும். மாலையில் மூடும் முன் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள், உப்புத்தாள் கீறிய தண்டவாளத்தில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும்.

எடுத்த அளவுகள் எழுதிய நோட்டில் ஒரு நகலை அருங்காட்சியகத்திலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். என்ஜினின் எண், தேதி, எந்தப் பக்கம் அளந்தது என்ற மூன்றும் ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும். வலப்பக்கக் குழாய்களும் இடப்பக்கக் குழாய்களும் ஒன்றாக இருக்காது.

நன்றி, வணக்கம்.