பிரம்பு கொண்டு வரப் போன பையன்

வணக்கம். குழந்தைகளுக்காக எழுதியவர் யாராவது ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். நம்மூர் எழுத்தாளர்களைப் பற்றிப் பேச என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் ஒரு ஸ்வீடன்காரப் பாட்டியைப் பற்றிப் பேசட்டுமா என்றேன். சரி என்றுவிட்டார்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தவள், இலக்கிய விமரிசகர் எல்லாம் கிடையாது, வகுப்பில் கதை சொன்ன அனுபவம்தான் எனக்கு இருக்கிற ஒரே தகுதி.

அந்தப் பாட்டியின் பெயர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன். 1907இல் ஸ்வீடனின் தெற்கே ஸ்மோலாண்ட் பக்கம், விம்மர்பி என்ற சிறு ஊரை ஒட்டிய ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். 2002இல் இறந்தபோது தொண்ணூற்று நான்கு வயது.

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் பழைய புத்தகங்களுக்கு நடுவில் இவருடைய பிப்பி கதையின் ஆங்கிலப் பிரதி ஒன்று அட்டை கிழிந்து கிடந்தது, பதினைந்து ரூபாய்க்கு வாங்கி பஸ்ஸிலேயே படிக்க ஆரம்பித்தேன். ஒன்பது வயதுப் பெண், அம்மா இல்லை, அப்பா கடலில் போனவர், ஒரு குரங்கும் ஒரு குதிரையும் ஒரு பெட்டி நிறையத் தங்கக் காசும் வைத்துக்கொண்டு தனியாக ஒரு வீட்டில் குடியிருக்கிறாள், குதிரையை அலாக்காகத் தூக்கி இறக்குகிற பலம் வேறு. பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். ஏழும் ஐந்தும் எத்தனை என்று டீச்சர் கேட்டால், உங்களுக்கே தெரியாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. இதை மட்டும் நம் வகுப்பில் சொல்லிவிடக் கூடாது, அப்புறம் நம் பாடு திண்டாட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கதை பிறந்த விதம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. 1941இல் அவருடைய ஏழு வயது மகள் நிமோனியாவில் படுத்திருக்கிறாள், அம்மாவிடம் பிப்பி நீள்காலுறை கதை சொல்லு என்கிறாள். அப்படி ஒரு பெயரே அதுவரை உலகத்தில் கிடையாது, குழந்தை அந்த நிமிஷம் வாயில் வந்ததைச் சொன்னது. பெயர் கிறுக்காக இருக்கிறதே என்று அம்மாவும் கிறுக்கான ஒரு பெண்ணையே உண்டாக்கிச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்று வருஷம் கழித்து, பனியில் வழுக்கி விழுந்து கால் சுளுக்கிப் படுத்திருந்தபோதுதான் அதை எழுத்தில் வைத்தார், மகளின் பத்தாவது பிறந்தநாள் பரிசாக. ஸ்டாக்ஹோமின் பெரிய பதிப்பகம் ஒன்று வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. அடுத்த வருஷம், 1945இல், ஒரு சின்னப் பதிப்பகம் நடத்திய போட்டியில் அதற்கே முதல் பரிசு. புத்தகம் வந்த பிறகு ஒரு பேராசிரியர் பத்திரிகையில் கிழி கிழி என்று கிழித்தார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நானும் ஏறக்குறைய அந்தப் பேராசிரியர் கட்சிதான்.

அதற்கப்புறம் அவருடைய வேறு புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். கிடைத்தது சிங்க இதயச் சகோதரர்கள், 1973இல் வந்தது. பிப்பி எழுதினவரா இதை எழுதினார் என்று முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பெயரைச் சரிபார்த்தேன், சத்தியமாக. பத்து வயதுப் பையன் நோயில் படுத்திருக்கிறான், சாகப் போகிறோம் என்று அவனுக்கே தெரியும். செத்த பிறகு போகிற ஒரு தேசத்தைப் பற்றி அண்ணன் ராத்திரியில் தம்பிக்குச் சொல்கிறான். ஆனால் வீடு தீப்பிடித்து, தம்பியை முதுகில் சுமந்துகொண்டு மாடியிலிருந்து குதித்த அண்ணன்தான் முதலில் இறந்து போகிறான். இது ஆரம்பம்தான், மேற்கொண்டு இருப்பதை நீங்களே படியுங்கள். குழந்தைகளிடம் சாவைப் பற்றி இப்படி எழுதலாமா என்று அங்கேயும் சண்டை நடந்திருக்கிறது. விம்மர்பி இடுகாட்டில் 1860இல் இறந்த இரண்டு குட்டிச் சகோதரர்களின் கல்லறையைப் பார்த்தது இந்தக் கதைக்கு ஒரு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் தாத்தா இறந்தால் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். குழந்தை அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன நினைத்திருக்கும் என்று நாம் யோசித்ததில்லை, இந்த அம்மாள் யோசித்திருக்கிறார்.

இந்த இரண்டோடு நிற்கவில்லை. துப்பறியும் கதை எழுதினார், மூன்றே வீடுகள் உள்ள ஒரு கிராமத்துப் பிள்ளைகளின் சாதாரண நாட்களை எழுதினார், முதுகில் விசிறி வைத்துக்கொண்டு பறக்கிற தற்பெருமைக்கார குண்டு மனிதரை எழுதினார். அந்தக் கார்ல்சனுக்கு சோவியத் நாட்டில் கிடைத்த வரவேற்பு ஸ்வீடனில்கூட இல்லை என்பார்கள். எழுபத்து மூன்று வயதில், ஒருத்தரையொருத்தர் வெட்டிக்கொள்ளத் துடிக்கிற இரண்டு கொள்ளைக் கூட்டங்களின் பிள்ளைகள் சிநேகமாவதை ரோன்யா என்ற கதையில் எழுதினார். படங்கள் நிறைந்த சின்னப் புத்தகங்களுக்கும் எழுதியிருக்கிறார். அத்தனையும் ஒரே கையெழுத்து. கையெழுத்து என்று சும்மா சொல்லவில்லை, எல்லாவற்றையும் முதலில் சுருக்கெழுத்தில்தான் எழுதினார். நம்மூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் ஹையர் வரை பாஸ் பண்ணின அக்காக்கள் இருந்தார்களே, அந்த மாதிரி. அவர் விட்டுப்போன நூற்றுக்கணக்கான சுருக்கெழுத்து நோட்டுகளைப் பிற்பாடு உட்கார்ந்து படித்துப் பார்த்திருக்கிறார்கள்.

சுருக்கெழுத்து கற்றுக்கொண்டதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த பெண், பதினெட்டு வயதில் கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானார், குழந்தையின் தகப்பன் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர். ஊர் வாய் எந்த தேசத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஸ்டாக்ஹோமுக்குப் போய் சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்தார், 1926இல் டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்குப் போய் மகனைப் பெற்று, அங்கேயே ஒரு வளர்ப்புத் தாயிடம் விட்டுவிட்டுத் திரும்பினார். காசு சேரும்போதெல்லாம் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கிட்டத்தட்ட மூன்று வருஷம் இப்படி. பிற்பாடு அவர் எழுதிய மியோ கதையில், ஸ்டாக்ஹோம் பூங்கா ஒன்றில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிற அநாதைப் பையன், தன்னைத் தேடிக்கொண்டிருக்கிற அப்பாவிடம் போய்ச் சேருகிறான். அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு அந்த ரயில் பயணங்கள்தான் ஞாபகம் வந்தன. இது என் ஊகம்தான், வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேர் வந்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. 1946இலிருந்து 1970 வரை தன்னை வெளியிட்ட அதே பதிப்பகத்தில் குழந்தை நூல்களுக்கு ஆசிரியராக இருந்தார். காலையில் படுக்கையிலேயே உட்கார்ந்து தன் கதையை எழுதுவது, மத்தியானம் ஆபீஸ் போய் மற்றவர்களின் கதைகளைத் திருத்துவது.

வகுப்பில் எது எடுபட்டது என்று கேட்டால், எமில். ஸ்மோலாண்ட் பண்ணையில் ஒரு ஐந்து வயது வாலு. சூப் சட்டியின் அடியில் மிச்சமிருப்பதை நக்கப் போய்த் தலையை உள்ளே விட்டு மாட்டிக்கொள்கிறான். நான் சூப் சட்டியைச் சாம்பார் குண்டான் ஆக்கிவிட்டேன், மன்னிக்க வேண்டும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள், டாக்டருக்கு மரியாதையாகக் குனிந்து வணக்கம் சொன்ன வேகத்தில் மேஜையில் மோதிச் சட்டி உடைகிறது. வகுப்பு முழுக்க பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. ஒவ்வொரு வால்தனத்துக்கும் அப்பா அவனை விறகுக் கொட்டகையில் போட்டு அடைப்பார், அவன் உள்ளே உட்கார்ந்து ஒரு மர பொம்மை செதுக்குவான், அலமாரி முழுக்க பொம்மைகள். இதே பையன் வளர்ந்து ஊராட்சித் தலைவர் ஆனான் என்று ஆசிரியர் நடுநடுவே நமக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே போவார். என் மேஜையில் அப்போது ஒரு பிரம்பு இருந்தது. எமில் கதை சொல்லும்போது அதை எடுத்து டிராயரில் வைத்துவிடுவேன், ஏன் என்று எனக்கே அப்போது புரியவில்லை.

பெரியவர்களையும் அவர் சும்மா விட்டவரில்லை. 1976இல் தன் வருமானத்துக்கு 102 சதவீத வரி வருகிறது என்று கணக்குப் போட்டு, பத்திரிகையில் அதை ஒரு தேவதைக் கதையாகவே எழுதிவிட்டார். அந்த அம்மாவுக்குக் கதை தெரியும், கணக்குத் தெரியாது என்றார் நிதியமைச்சர். கணக்கு அம்மா போட்டதுதான் சரி. அமைச்சருக்குத்தான் கதை நன்றாக வருகிறது, இருவரும் வேலையை மாற்றிக்கொள்ளலாமே என்றார் பாட்டி. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆட்சியிலிருந்த கட்சி அந்த வருஷத் தேர்தலில் தோற்றது. இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இதுவும் ஒன்று.

அப்புறம் 1978. ஜெர்மன் பதிப்பாளர்கள் தங்கள் அமைதிப் பரிசை அவருக்குக் கொடுத்தார்கள். உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டு, பரிசை மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள், பேச வேண்டாம் என்றார்களாம். பேசக் கூடாதென்றால் வரவே மாட்டேன் என்றார் இவர். பேசினார். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பதுதான் பேச்சு. அதில் ஒரு சம்பவம் சொன்னார். ஒரு தாய், பையன் ஏதோ தப்பு செய்தான் என்று, உன்னை அடிக்க நீயே போய் ஒரு பிரம்பு கொண்டு வா என்று அனுப்புகிறாள். வெகு நேரம் கழித்து அழுதுகொண்டே வருகிறான். பிரம்பு கிடைக்கலை அம்மா, இந்தக் கல் இருக்கிறது, இதை என்மேல் எறிந்துக்கோ என்கிறான். அந்தத் தாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், கல்லைச் சமையலறை அலமாரியில் வைக்கிறாள். அடுத்த வருஷம், 1979இல், வீட்டிலும் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று உலகத்திலேயே முதலில் சட்டம் போட்ட நாடு ஸ்வீடன். நம் பள்ளிக்கூடங்களில் அடிக்கக் கூடாது என்று கல்விச் சட்டம் சொன்னது 2009இல். வீட்டில் இன்னும் அடியாத மாடு படியாதுதான்.

இந்தக் கல் கதையை ஒரு பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். பின்னால் இருந்து ஒரு அப்பா எழுந்து, அதெல்லாம் அந்த ஊருக்குச் சரி டீச்சர், என் பையன்கிட்ட சொன்னா கல்லை எடுத்துட்டு வந்து என் மேலதான் போடுவான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்தப் பையன் மறுநாள் இடைவேளையில் என் மேஜைக்கு வந்து நின்றான். அந்தக் கல்லு இப்ப எங்க டீச்சர் இருக்கும் என்று கேட்டான்.

அந்த அம்மா வீட்டு அலமாரியில்தான்டா இருக்கும் என்றேன்.

எவ்வளவு பெருசு என்றான்.