இடம் மாறிய குரோமோசோம்

நேயர்களுக்கு வணக்கம். ரத்தப் புற்றுநோய் ஆய்வு என்றதும் புதிய மருந்துகளின் பெயர்களை அடுக்குவது எளிது. இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜானெட் ரௌலி என்ற ஒருவருடைய ஆய்வைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் நோய்களுள் ஒன்று நாட்பட்ட மைலாய்டு லுகேமியா. 1960இல் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளிகளின் உயிரணுக்களில் வழக்கத்துக்கு மாறாகக் குறுகிய ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அந்த ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்தது. ஒரு துண்டு அறுந்து தொலைந்துவிட்டது என்றே அன்று கருதினார்கள். புற்றுநோயில் குரோமோசோம்கள் சிதைவது நோயின் விளைவே, காரணமன்று என்பதும் அக்காலத்தில் பரவலாக இருந்த எண்ணம்.

ரௌலி 1925இல் நியூயார்க்கில் பிறந்து 1948இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். நான்கு மகன்களை வளர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் பகுதிநேரமாகவே வேலை பார்த்தார். கணவருடன் ஆக்ஸ்ஃபோர்டு சென்றிருந்தபோது குரோமோசோம் ஆய்வைக் கற்றுத் திரும்பியவர், லியோன் ஜேகப்சன் என்ற ரத்தநோய் வல்லுநரிடம் கேட்டவை ஒரு நுண்ணோக்கி, அதை வைக்க ஓர் இடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகும் ஊதியம் ஆகியவைதாம். பெரிய ஆய்வுத் திட்டம் எதையும் அவர் முன்வைக்கவில்லை; அப்படிப்பட்டவருக்கு இடம் கொடுத்த ஜேகப்சனையும் இங்கே பாராட்டத்தான் வேண்டும்.

அதுவரை குரோமோசோம்களை அளவையும் வடிவத்தையும் கொண்டே பிரித்தறிந்தார்கள். ஏறத்தாழ ஒரே அளவுள்ளவற்றில் எது எது என்று சொல்ல இயலாது. 1970 வாக்கில், குயினாக்ரின் சாயம் ஏற்றினால் ஒவ்வொரு குரோமோசோமிலும் அதற்கே உரிய ஒளிரும் பட்டைகள் தெரியும் என்ற நுட்பம் வந்தது. ரௌலி அதைக் கையாண்டு நோயாளிகளின் உயிரணுக்களைப் படமெடுத்து, படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரியால் வெட்டி, இணை இணையாக அடுக்கிப் பார்த்தார். காகிதப் பொம்மை விளையாட்டுக்குச் சம்பளமா என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். எந்தப் பட்டை எங்கே முடிகிறது, எங்கே அளவுக்கு மேல் நீள்கிறது என்று சளைக்காமல் ஒப்பிடும் வேலை அது.

1972இல், தீவிர மைலாய்டு லுகேமியா என்ற வேறொரு ரத்தப் புற்றுநோய் கண்டவர்களிடம் 8ஆம், 21ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதை முதலில் கண்டார். பிறகு பழைய ஃபிலடெல்ஃபியா குரோமோசோமுக்குத் திரும்பினார். அந்நோயாளிகளின் 9ஆம் குரோமோசோமின் நுனியில் மங்கலான ஒரு துண்டு கூடுதலாக இருந்தது. குறுகிப்போயிருந்த அந்த ஃபிலடெல்ஃபியா குரோமோசோம், அதாவது 22ஆம் குரோமோசோமிலிருந்து தொலைந்ததாகக் கருதப்பட்ட துண்டு அங்கேதான் ஒட்டியிருந்தது! 1973இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது. நோயாளிக்கு நோயாளி ஒரே இரு குரோமோசோம்கள் இடம் மாறுவது தற்செயலாக நேரும் சிதைவாக இருக்க முடியாது என்பதே இதன் வலிமை.

1980களில் எஞ்சியது தெளிவானது. 9ஆம் குரோமோசோமின் ஏபிஎல் (ABL) மரபணு 22ஆம் குரோமோசோமின் பிசிஆர் (BCR) மரபணுவோடு இணைந்து, ஓயாமல் செயல்படும் ஒரு நொதியை உண்டாக்குகிறது. வெள்ளையணுக்கள் பெருகுவது அதனால்தான். ஸ்விட்சர்லாந்தின் சிபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன் குழுவினர் உருவாக்கிய, அந்நொதியைத் தடுக்கும் மூலக்கூறை, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிரையன் டிரக்கர் 1998இல் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்கு வந்தது. 2001இல் ஒப்புதல் பெற்ற அந்த மாத்திரையே இமாட்டினிப். இந்தியாவில் இதன் காப்புரிமை வழக்கு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கி, 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்ததை நேயர்கள் பலர் அறிவீர்கள். ரௌலி அந்த ஆண்டு டிசம்பரில் காலமானார்.

இன்று இந்நோய்க்கு மருந்து உட்கொள்பவருக்கு, தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அந்த இணைந்த மரபணுவின், அதாவது பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) அளவு பார்க்கிறார்கள். அது நெடுங்காலம் மிகக் குறைந்தே இருந்தால், சிலருக்கு மருத்துவரே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. உடம்பு தேறிவிட்டது என்று தாமாக நிறுத்துபவர்களுக்கு அந்த எண் மறுபடி ஏறக்கூடும். ஆகவே நிறுத்துவதும் தொடர்வதும் அறிக்கையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியவை. வணக்கம்.