கோரிக்கையில் தொகை இருக்கட்டும்

நண்பர்களே, குழந்தை வறுமை ஒழிய வேண்டுமா என்று பிரிட்டனில் எந்த எம்.பி.யிடம் கேட்டாலும் "ஒழியத்தான் வேண்டும்" என்பார். அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எந்த உதவித்தொகை, வாரத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, முடிவெடுப்பவர் யார் என்பதெல்லாம் கோரிக்கையிலேயே இருக்க வேண்டும்.

பொதுவான வாக்குறுதி எவ்வளவு எளிதில் கரையும் என்பதை நாம் கண்ணாரப் பார்த்திருக்கிறோம். ஒரு தலைமுறைக்குள் குழந்தை வறுமையை ஒழிப்போம் என்று 1999 மார்ச்சில் அன்றைய பிரதமர் டோனி பிளேர் அறிவித்தார். 2010-இல் அது சட்டமானது. இடைநிலை வருமானத்தின் (குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருபவரின் வருமானம்) 60 சதவீதத்துக்கும் கீழே வாழும் குழந்தைகளின் பங்கு 2020-க்குள் 10 சதவீதத்துக்கும் குறைய வேண்டும் என்றது அது. 2016-இல் வந்த இன்னொரு சட்டம் அந்த இலக்கையே நீக்கிவிட்டது. ஆண்டுதோறும் குழந்தை வறுமைக் கணக்கை வெளியிடும் கடமையை மட்டும் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் எதிர்ப்பால் காப்பாற்ற முடிந்தது. அதுவும் போயிருந்தால் அமைச்சரை எதை வைத்துக் கேள்வி கேட்பது?

மாறாக, ஸ்காட்லாந்தில் தொண்டு அமைப்புகள் குழந்தைகளுக்கான உதவித்தொகையோடு வாரம் 5 பவுண்டு கூடுதலாகக் கேட்டன. சிறிய தொகை, ஆனால் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், மறுப்பதென்றால் காரணம் சொல்லியாக வேண்டும். 2021 பிப்ரவரியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாரம் 10 பவுண்டாகத் தொடங்கிய உதவி, 2022 நவம்பரில் 25 பவுண்டாக உயர்ந்து, 16 வயதுக்குட்பட்டோர் வரை விரிந்தது. குறைந்த வருமான உதவி பெறும் குடும்பங்களுக்கு அது உரிமையாகவே கிடைக்கிறது.

2017 ஏப்ரலில் வந்த இரு குழந்தை வரம்பும் அப்படித்தான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மூன்றாவது குழந்தையிலிருந்து கூடுதல் தொகையை நிறுத்திய அந்த ஒரே விதியைக் குறிவைத்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அதை நீக்கும் அறிவிப்பு 2025 நவம்பர் பட்ஜெட்டில்தான் வந்தது. இடையில் மனம் தளர்ந்து கோரிக்கையை மாற்றியிருந்தால் அதுவும் வந்திருக்காது.

இனி எம்.பி.யைப் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவை. அவர் தன் தொகுதி மக்களுக்குத்தான் பதில் சொல்வார். எனவே கடிதத்தில் அஞ்சல் முகவரி கட்டாயம். ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்பினால், நூறு பேருக்கும் ஒரே பதில்தான் வரும். அவரவர் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். நேரில் போனால் ஒரே ஒரு தாள் போதும். அதன் கடைசி வரி, "இதுபற்றி நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதுவீர்களா?" என்பதாக இருக்கட்டும். பணத்தை ஒதுக்குவது நிதியமைச்சரின் துறையான கருவூலம், தனி எம்.பி.யால் அது முடியாது. கடிதம் எழுத முடியும், அதற்கு அமைச்சரிடமிருந்து பதில் வாங்கவும் முடியும்.

பாதிக்கப்பட்ட தாயைப் பேச அழைக்கிறீர்களா? எங்கே, யார் முன்னால், படம் எடுப்பார்களா என்பதை முன்பே சொல்லுங்கள். கடைசி நிமிடத்தில் அவர் வேண்டாம் என்றாலும் நிகழ்ச்சி நடக்கிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். பசியை மேடையில் காட்டச் சொல்லி யாரையும் நெருக்க நமக்கு உரிமையில்லை.

தொண்டு நிறுவனம் தன் நோக்கத்துக்காக அரசியல் பிரசாரம் செய்யலாம், எந்தக் கட்சிக்கும் ஆதரவு தேடக் கூடாது. ஆகவே தேர்தல் வந்தால் அதே தாளை எல்லா வேட்பாளருக்கும் கொடுங்கள். அமைச்சரின் பதில் வந்ததும், பதில் சொல்லாமல் விட்ட வரியை அடிக்கோடிட்டு, அதே எம்.பி.யிடம் மறுபடி நேரம் கேளுங்கள்.