முதலில் ஊரைக் கேட்போம், பிறகு பேனல் வாங்குவோம்

(தருமபுரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சித்தேரியிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். நம் தருமபுரியில் கடல் கிடையாது. ஆனாலும் இன்று தீவுகளின் மின்சாரத்தில் தொடங்கி, நம் மலையூர்களுக்கான சோலார் மின்சாரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கம்பம் நட்டு லைன் இழுக்க முடியாத தூரத்தில் நாற்பது வீடு இருந்தால், அது தீவானாலும் மலையானாலும் படுகிற பாடு ஒன்றுதான்.

லட்சத்தீவில் நெடுங்காலமாகப் பெரும்பகுதி மின்சாரம் டீசலிலிருந்தே வந்தது. அந்த டீசல் கப்பலில் வந்தாக வேண்டும். மலையில் அதே கேன் தலைச்சுமையாக ஏறுகிறது. சின்ன ஜெனரேட்டரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 3 யூனிட் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய் என்றே வையுங்கள், ஒரு யூனிட் 30 ரூபாய். சுமைகூலி தனி. ஏழை வீடு தாங்குமா?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் எக் என்றொரு தீவு. நூறு பேர் அளவுக்குத்தான் மக்கள். 2008 பிப்ரவரியில் நீர், காற்று, சூரியன் மூன்றையும் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு மின்கட்டமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் போட்ட விதிதான் எனக்கு முக்கியம். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது, மீறினால் அந்த வீட்டுக்குக் கரண்ட் நின்றுவிடும். பணக்கார வீடு, ஏழை வீடு எல்லாவற்றுக்கும் அதே அளவுதான். பராமரிப்பதும் பயிற்சி பெற்ற தீவுக்காரர்களே.

நம் மலையூரில் ஒரு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். 9 வாட் பல்பு மூன்று, 5 மணி நேரம். டிவி 3 மணி நேரம். ஒரு செல்போன் சார்ஜ். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குக் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். இப்போது ஃபேனைப் போடுங்கள். பழைய ஃபேன் 75 வாட். எட்டு மணி நேரம் ஓடினால் அது மட்டுமே 600 வாட்-மணி, அதாவது 0.6 யூனிட், மற்ற எல்லாம் சேர்ந்ததைப்போல இரண்டு மடங்கு! கரண்ட் குறைவாக இழுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாற்பது வீட்டிலும் மாற்றினால் தினம் 14 யூனிட் மிச்சம். நம் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அப்படியானால் மூன்றரை கிலோவாட் பேனலும் அதற்கான பேட்டரியும் வாங்கவே வேண்டாம். திட்டப் பணத்திலேயே ஃபேனையும் வாங்கிக் கொடுங்கள் என்று நான் சண்டை போடுவது இதனால்தான்.

அப்புறம் ராகி மெஷின். 3 எச்.பி. மோட்டார் என்றால் சுமார் 2.2 கிலோவாட் திறன்தான், ஆனால் கிளம்புகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். சாதா இன்வெர்ட்டர் அங்கேயே மூச்சை விட்டுவிடும். மோட்டாரை மெல்லக் கிளப்புகிற சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்து, மாவு அரைப்பதை உச்சி வெயிலில் வைத்துக்கொண்டால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். சரி, உச்சி வெயிலில் பெண்கள் காட்டில் இருப்பார்களே? அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து நேரம் குறிக்கிற வேலை இது இல்லை.

ஒரு மலையூரில் பேட்டரி ரூமைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு பேட்டரி. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே தண்ணீர் வற்றி பிளேட் தெரிகிறது. டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்று யாருமே சொல்லித்தரவில்லை. "தண்ணி வத்திப்போச்சுன்னு போர் தண்ணிய ஊத்தினோம், தம்பி" என்றார் ஒரு அம்மா. அவர் மேல் என்ன தப்பு? மாட்டிவிட்டுப் போனவர்கள் திரும்ப வரவே இல்லை. ஒரு வருஷம் எரிந்த விளக்கு அணைந்து, பிள்ளைகள் மறுபடி சிம்னி விளக்கில் படிப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அதனால் ஊரிலேயே இரண்டு பேருக்குப் பயிற்சி, மாதச் சம்பளம். வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் பேட்டரிக்கென்று தனிக் கணக்கு. நாற்பது வீட்டுக்கு ஐந்து வருஷத்தில் 2,40,000 ரூபாய் சேரும். இலவசமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். பேனலை இலவசமாகக் கொடுக்கட்டும், நான் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். பேட்டரி சாகிற நாளில் மனு எழுதிக்கொண்டு அலையக் கூடாது என்பதற்குத்தான் இந்த நூறு ரூபாய்.

வாசல் மேஜையில் நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் எத்தனை வீடு, மெஷின் எப்போது ஓட வேண்டும், ராத்திரி எத்தனை மணி வரை விளக்கு வேண்டும், இவ்வளவையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.