கால் தவறியதா, ஸ்லாப் தவறியதா?

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் நீதிமன்றத்தில் முப்பது வருடங்களுக்கும் மேலாக வக்கீலாக இருக்கிறேன். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வாகன விபத்து என்று எல்லாம் பார்த்தாயிற்று. வானொலியில் பேச அழைத்தபோது, நடைபாதையில் விழுந்து அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "இதற்கெல்லாமா ஒரு பேச்சு?" என்று என் வீட்டிலேயே சிரித்தார்கள். பஸ் மோதினால் நஷ்டஈடு கேட்கலாம் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓடை ஸ்லாப் ஆடி விழுந்தவர் மட்டும் வேட்டியைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

என் சித்தியும் அப்படித்தான். நான் வக்கீலான புதிது, ஆனி மாதச் சாரல். சந்தையில் சாளை மீன் வாங்கிக்கொண்டு நடைபாதையில் வந்தார். நம் ஊரில் நடைபாதை என்பது பெரும்பாலும் ஓடைக்குப் போட்ட மூடிதானே. அதில் ஒரு ஸ்லாபின் ஓரம் உடைந்திருந்தது. ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும். சித்தி மிதித்தார், அது எழுந்தது, வலது கால் முட்டுவரை ஓடைக்குள் போனது. கையை ஊன்றியதில் மணிக்கட்டு போயிற்று. விழுந்தவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? இடது கையால் சிதறிய சாளையைப் பொறுக்கினார். ஒன்றுகூட விடவில்லை.

பிறகு ஆட்டோ பிடித்து ஆசான் வீட்டுக்குப் போனார்கள். குமரி மாவட்டத்தில் எலும்பு என்றால் வர்ம ஆசான்தான். நான் அதைக் குறை சொல்லவில்லை. என் தோளே ஓர் ஆசான் சரி செய்தது. அவர் எண்ணெய் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பன்னிரண்டு நாள் கழிந்தும் வீக்கம் வடியவில்லை. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே பதிவேடு எழுதுபவர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். சித்தி சொன்னார்: "கால் தவறி விழுந்துவிட்டேன் மக்களே." அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

எனக்கு அப்போது இளம் ரத்தம். ஓடையைப் பராமரிக்க வேண்டியவர்களுக்கு உடனே நோட்டீஸ் அனுப்பினேன். பதில் ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்த இடத்தில் உடைந்த ஸ்லாபே இல்லை என்றார்கள். போய்ப் பார்த்தேன், உண்மைதான். புது ஸ்லாப் போட்டிருந்தார்கள், பூச்சில் ஈரம்கூடக் காயவில்லை. அடிபட்டுப் பன்னிரண்டு நாள் கழித்துத்தானே சிகிச்சை, இடையில் வேறெங்காவது விழுந்திருக்கலாம் என்றார்கள். கடைசியாக, தங்கள் கட்சிக்காரரே கால் தவறி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார் என்றார்கள். அந்தப் பதிவேட்டின் நகலை அவர்களுக்கு அனுப்பியது யார்? நான்தான். நோட்டீஸோடு இணைத்து, ரிஜிஸ்டர் தபாலில்.

வழக்குப் போடவில்லை. "விடு மக்களே, என் நேரம்" என்றார் சித்தி. அந்தக் கை கடைசிவரை தேங்காய் துருவ மடங்கவில்லை.

அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கால் தவறியது என்று நாம் வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோம். ஸ்லாப் தவறியிருந்தாலும் பழி காலுக்குத்தான். ஆஸ்பத்திரியில் கேட்டால், "இன்ன கடைக்கு முன்னால், நடைபாதை ஸ்லாப் சரிந்து விழுந்தேன்" என்று சொல்லுங்கள். இடத்தைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, கேட்டு வாங்குங்கள். ஆசானிடம் போகலாம், தாராளமாகப் போகலாம், முதலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள். அன்றைக்கே.

அடுத்தது படம். ஸ்லாபை மாற்ற ஒரு ராத்திரி போதும் என்பதை இப்போதுதான் சொன்னேன். குழித்துறைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதே மாதிரி விழுந்தார். வலியோடு உட்கார்ந்தபடியே, தன் குடையை அந்த இடைவெளிக்குள் விடச் சொல்லிப் பேரனைப் படம் எடுக்க வைத்தார். குடை கைப்பிடிவரை உள்ளே போயிருந்தது. இன்னொரு படத்தில் பின்னால் இருந்த கடைப் பலகை தெரியும். எதிர்த்தரப்பு, அது சிறு விரிசல்தான் என்று எழுதியிருந்தது. வாத்தியார் அடுத்த வாய்தாவுக்கு அந்தக் குடையையே கொண்டுவந்துவிட்டார்! வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் கிடையாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். நாகர்கோவிலில் மணிமேடை இருப்பதுபோல டெல்லி சாந்தினி சௌக்கிலும் ஒரு மணிக்கூண்டு இருந்தது. அது இடிந்து விழுந்து ஆட்கள் இறந்தார்கள். 1966-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தெருவை ஒட்டிய கட்டடத்தைப் பராமரிப்பது உரிமையாளரான மாநகராட்சியின் கடமை, பழுது வெளியே தெரியவில்லை என்பது சாக்கு ஆகாது. சரி, கையில் பணம் இல்லையே என்பார்கள். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் நகராட்சியும் அப்படித்தான் சொன்னது. சாக்கடை நாற்றம் தாங்காமல் மக்கள் போட்ட வழக்கு அது. நிதி இல்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1980-ல் தீர்ப்பளித்தவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21-வது பிரிவில் அடங்கும் என்றே சொல்லிவிட்டது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த நடைபாதை யாருடையது? தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலையா, பேரூராட்சியா? குழாய்க்குத் தோண்டிவிட்டு மூடாமல் போன ஒப்பந்தக்காரரா? கடை வாசலில் வழுவழு டைல்ஸ் பதித்து, மழையில் அதைக் கண்ணாடியாக்கி வைத்திருக்கும் கடைக்காரரா? (அவரையும் கேட்கலாம், பலருக்கு இது தெரியாது.) ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்த இடம் யார் பராமரிப்பில் இருக்கிறது, கடைசியாகத் தோண்டியது யார்? 30 நாளில் பதில் தர வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம்தான். கால அளவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், சிலவகை வழக்குகளுக்கு ஒரு வருடம்தான், அதைவிடக் குறைந்த கெடுவும் உண்டு. அரசுத் துறை மேல் வழக்கென்றால் இரண்டு மாத நோட்டீஸ் முதலில் கொடுக்க வேண்டும். மருந்துச் சீட்டு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, துணைக்கு நின்றவரின் செலவு, எல்லாவற்றுக்கும் கணக்கு வையுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு நடந்தீர்களானால் உங்கள் பங்குக்கு ஒரு தொகையைக் கழிப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். தொலைபேசி எண் 15100. எழுதிக்கொள்ளப் பேனா தேடுகிறவர்களுக்காக இன்னொரு முறை: ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். வணக்கம்.