தலைக்கூத்தலில் ஒளிந்திருப்பவர் யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'தலைக்கூத்தலைப் பற்றிய குற்ற நாவல் விழிப்பைத் தருகிறதா, விறுவிறுப்பை மட்டும் தருகிறதா?' என்பது இன்றைய கேள்வி. படுத்த படுக்கையான முதியவர்களை வீட்டாரே குளிப்பாட்டிச் சாகவிடுகிற வழக்கம்தான் தலைக்கூத்தல். அந்த நாவல் விறுவிறுப்பை மட்டும்தான் தருகிறது என்று பேச வந்திருக்கிறேன். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. இங்கே எல்லோரும் பேசுகிற அந்த நாவலை ஆசையோடு வாங்கி ஒரே ராத்திரியில் படித்தேன். மனசு ஆறவில்லை.

கதை இதுதான். ஒரு கிராமத்தில் படுத்த படுக்கையான முதியவர்கள் அடுத்தடுத்து இறக்கிறார்கள். வெளியூர் இன்ஸ்பெக்டர் வருகிறார். நிலத்துக்கு ஆசைப்பட்ட ஒரு மகனிடம் காசு வாங்கிக்கொண்டு ஊசி போட்ட கம்பவுண்டர் கடைசியில் சிக்குகிறான். முடிந்தது.

தலைக்கூத்தலில் யாரைத் துப்பறிவது, நடுவர் அவர்களே? விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். அப்புறம் இளநீர், டம்ளர் டம்ளராக. தளர்ந்த உடம்பு குளிர்ந்து, காய்ச்சல் கண்டு, ஓரிரு நாளில் அடங்கிவிடும். எண்ணெய் தேய்த்த கை பெற்ற பிள்ளையின் கையாக இருக்கும். சொந்தபந்தம் முன்னாடியே வந்து முகம் பார்த்துவிட்டுப் போயிருக்கும். 'வயசாகிப் போய்ச் சேர்ந்தார்' என்று ஊர் சொல்லும். பிரேதப் பரிசோதனை இருக்காது. தெருவுக்கே தெரிந்து நடக்கிற கொலை இது. அதற்குள் ஒரு கம்பவுண்டரைக் கொண்டுவந்து நிறுத்தினால், தெரிந்தும் வாய் திறக்காத அத்தனை பேரும் தப்பித்துவிடுகிறார்களே!

"விறுவிறுப்பாக இருந்தால்தான் படிப்பார்கள், படித்தால்தான் பேச்சு வரும்" என்றார் எதிரணி நண்பர். சரி, என்ன பேச்சு வந்தது? என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் கம்பவுண்டர் மேல் எந்தப் பக்கத்தில் சந்தேகம் வந்தது என்றுதான் சொன்னார்கள். கூலிக்குப் போனால்தான் சோறு என்கிற வீட்டில் படுத்தவரை யார் பார்ப்பது, பெற்றோரைப் பராமரிக்க 2007-இல் வந்த சட்டம் அந்தத் திண்ணை வரை எட்டியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாவல் கேட்டிருந்தால்தானே அவர்கள் கேட்பார்கள்?

2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தன் நிலத்தை எப்படிப் பங்கு போடலாம் என்று வீட்டார் பேசியதைக் கேட்டுவிட்டு, உறவினர் வீட்டுக்குத் தப்பிப் போனார். நாவலைப் போலவே இங்கேயும் காரணம் நிலம்தான். ஆனால் பேசியது வீடு. கேட்டது, சாக வேண்டியவரின் காது. அவர் நடந்த அந்த வழியை மட்டும் எழுதியிருந்தாலே நான் எதிரணிக்குப் போயிருப்பேன். இந்த நாவலிலோ முதியவர்கள் பிணமாகத்தான் வருகிறார்கள். 'எனக்கு இன்னைக்குக் குளியல் வேண்டாம்மா' என்று ஒரு பாட்டிகூட வாய் திறக்கவில்லை, நடுவர் அவர்களே.